நபிகளாரின் நற்குணங்களை நம் நடைமுறைக்குக் கொண்டுவருவது எப்படி?

நபி (ஸல்) அவர்களின் நற்குணங்கள் என்றால் பொறுமை, பணிவு, கருணை, வாய்மை என்று மூச்சுவிடாமல் சொல்லிவிடலாம். சொன்னவரும் கேட்டவரும் மறுநாள் பழையபடியே கோபப்படுவார்கள். ‘பொறுமையாக இரு’ என்பதை எங்கிருந்து தொடங்குவது? ‘கோபம் வரும்போது நின்றால் உட்கார்’ என்பதையோ இந்த நிமிடமே செய்துவிடலாம். நபித்தோழர்களும் பெரும்பாலும் இப்படித்தான் அறிவித்திருக்கிறார்கள்: இந்த இடத்தில் இதைச் செய்தார்கள், இதைச் செய்யவில்லை என்று. குணத்தின் பெயரை விட்டுவிட்டுச் செயலைப் பிடியுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்று போதும். பத்தைச் சேர்த்து எடுத்தால் பத்தும் நழுவும். குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யப்படும் அமலே (நற்செயலே) அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று நபியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டில் தொடங்குங்கள்

வெளியாள் முன்னால் நல்லவராக இருப்பது பெரிய காரியமல்ல. ‘அவர்களுடைய குணம் குர்ஆனாகவே இருந்தது’ என்று சாட்சி சொன்னது நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி). அவர்களுக்கு 10 ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி), தம்மை ஒருமுறைகூட ‘ச்சீ’ என்றதில்லை என்கிறார்.

முதல் பயிற்சி சாப்பாடு. நபியவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதில்லை. பிடித்தால் சாப்பிடுவார்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவார்கள். ஆக உங்களுக்கும் இரண்டே வழிதான். முகம் சுளிப்பது, தட்டைத் தள்ளிவைப்பது, ‘நேற்று நன்றாக இருந்தது’ என்பது எல்லாம் குறை சொல்வதில்தான் சேரும். பிடிக்காததைப் பிடித்ததாக நடிக்கச் சொல்கிறதா இது? இல்லை. மனைவி மைமூனா (ரலி) வீட்டில் பொரித்த உடும்பு பரிமாறப்பட்டபோது நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். ‘இது ஹராமா (தடுக்கப்பட்டதா)?’ என்று தோழர் காலித் பின் வலீத் (ரலி) கேட்டார். ‘இல்லை, என் சமூகத்தாரின் ஊரில் இது இல்லை, எனக்கு மனம் ஒப்பவில்லை’ என்றார்கள். காலித் அதை இழுத்துவைத்துச் சாப்பிட, பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். உணவையும் பழிக்கவில்லை, சாப்பிட்டவரையும் தடுக்கவில்லை.

அடுத்தது வீட்டு வேலை. வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு ஆயிஷா (ரலி) சொன்ன பதில்: குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள். தம் செருப்பைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்றும் அறிவிப்பு உண்டு. யாரும் கேட்காமலே செய்யும் ஒரு வேலையைத் தினமும் உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். செய்த பிறகு அதைச் சொல்லிக்காட்டாமல் இருப்பதுதான் கஷ்டமான பகுதி.

வேலையாட்களிடமும் பிள்ளைகளிடமும் எப்படி நடப்பது என்பதற்கு அனஸ் (ரலி) சொன்ன இன்னொன்றைப் பாருங்கள்: நபியவர்கள் தம்மிடம் ‘ஏன் இதைச் செய்தாய், ஏன் இதைச் செய்யவில்லை’ என்று கேட்டதே இல்லை. கற்றுக்கொடுக்கக் கூடாது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். முடிந்துபோன காரியத்தைக் கிளறும் ‘ஏன்’ தேவையில்லை, அடுத்த முறை எப்படிச் செய்வது என்பதை மட்டும் சொன்னால் போதும்.

பேச்சு

சொற்களை எண்ண நினைப்பவர் எண்ணிவிடலாம், அவ்வளவு நிதானமாகப் பேசினார்கள் என்பது ஆயிஷா (ரலி) அறிவிப்பு. விளங்க வேண்டியதை மூன்று முறை சொல்வதும் உண்டு. இதைக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் மும்முறை சொல்லி வீட்டாரை அலுக்கவைப்பவர்களும் இருக்கிறார்கள்; கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத்தான் அது.

கேலியும் இருந்தது, அதில் பொய் இருக்கவில்லை. வாகனம் கேட்டு வந்தவரிடம் ‘ஒட்டகத்தின் குட்டியைத் தருகிறேன்’ என்றார்கள். ‘குட்டியை வைத்து என்ன செய்வேன்?’ என்று அவர் திகைக்க, ‘எல்லா ஒட்டகமும் ஒட்டகம் ஈன்றதுதானே?’ என்றார்கள். முடிவில் அவரும் சிரிக்கலாம். நாம் அடிக்கும் கேலி, கேலிக்கு ஆளானவர் சிரிக்க முடியாததாக இருந்தால் இந்தக் கணக்கில் வராது.

கோபம்

கோபம் வந்தவர் நின்றுகொண்டிருந்தால் உட்காரட்டும். அப்படியும் போகாவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்பது நபிமொழி. நிற்பவன் கையை ஓங்கத் தயாராக இருக்கிறான், உட்கார்ந்தவனுக்கு அது அவ்வளவு எளிதல்ல என்று அறிஞர்கள் காரணம் சொல்வார்கள். ‘அஊது பில்லாஹி மினஷ் ஷைத்தானிர் ரஜீம்’ (விரட்டப்பட்ட ஷைத்தானிடமிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுகிறேன்) என்று சொல்வதும் வாயை மூடிக்கொள்வதும் வேறு அறிவிப்புகளில் வருகின்றன. உளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்யச் சொல்லும் அறிவிப்பின் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாகச் சொல்வோர் உண்டு. உளூ செய்வதால் நட்டமில்லை, ஆனால் ஆதாரமாக எடுத்துப் பேசும்போது கவனம் வேண்டும்.

பெரும்பாலோர் சறுக்குவது நேரத்தில். குரல் உயர்ந்து நான்கு வார்த்தை கொட்டிய பிறகு உட்கார்ந்து பயனில்லை. குரல் தடிக்கும் முதல் நொடியிலேயே உட்கார வேண்டும்.

‘நபியவர்களும் கோபப்பட்டார்களே’ என்பது நம் வசதிக்கான வாதம். கோபப்பட்டது உண்மை. தமக்காக ஒருபோதும் பழிவாங்கியதில்லை என்பதும் அதே அளவு உண்மை. தொழுகை நடத்தும் இமாம் அதை நீட்டுவதால் கூட்டுத் தொழுகைக்கே வர முடியவில்லை என்று ஒருவர் முறையிட்டார். அன்றுபோல் கடுமையாகக் கோபப்பட்டு உபதேசித்ததைப் பார்த்ததில்லை என்கிறார் அறிவிப்பாளர். பின்னால் நிற்பவர்களில் பலவீனரும் முதியவரும் தேவையுள்ளவரும் இருக்கிறார்கள் என்பதுதான் அந்தக் கோபம். உங்கள் கோபம் யாருக்காக என்று பாருங்கள். பத்தில் ஒன்பது நம் மரியாதைக்காகத்தான் இருக்கும்.

திருத்துவது

மேலே சொன்ன சம்பவத்திலும் இமாமின் பெயரைச் சொல்லவில்லை. ‘உங்களில் வெறுப்பை உண்டாக்குவோர் இருக்கிறார்கள்’ என்று பொதுவாகத்தான் பேசினார்கள். இதைப் பின்பற்றுகிறேன் என்று, எல்லாரும் ஒருவரையே திரும்பிப் பார்க்கும்படி ‘சிலர் இப்படி’ என்று பேசினால் பெயரைச் சொன்னதற்குச் சமம்.

பள்ளிவாசலுக்குள் சிறுநீர் கழித்த கிராமவாசியை நபியவர்கள் கையாண்ட வரிசையை அப்படியே மனத்தில் வைக்கலாம். பாய்ந்த தோழர்களை முதலில் தடுத்தார்கள். அவர் முடிக்கும்வரை விட்டார்கள். பாதியில் விரட்டியிருந்தால் அவருக்கும் உபாதை, அசுத்தமும் பல இடங்களில் பரவியிருக்கும். பிறகு அவரை அழைத்து, இது தொழுகைக்கும் இறைநினைவுக்கும் குர்ஆன் ஓதுவதற்குமான இடம் என்று விளக்கினார்கள். அவரை அழைத்து, இது தொழுகைக்கும் இறைநினைவுக்கும் குர்ஆன் ஓதுவதற்குமான இடம் என்று விளக்கினார்கள். நாம் பெரும்பாலும் விளக்கும் படியை முதலில், அதுவும் சத்தமாகச் செய்கிறோம்.

பணம்

நபியவர்களுக்குக் கடனாகக் கொடுத்த ஒட்டகத்தைத் திருப்பிக் கேட்டு வந்தவர் கடுமையாகப் பேசினார். தோழர்கள் எழ, ‘விடுங்கள், உரிமை உள்ளவருக்குப் பேச இடமுண்டு’ என்றார்கள். அவருடைய ஒட்டகத்தின் வயதில் ஒன்று கிடைக்கவில்லை. அதைவிட நல்லதையே கொடுக்கச் சொன்னார்கள். கூடுதலாகக் கொடுப்பது முன்கூட்டிப் பேசியதாக இருக்கக் கூடாது. பேசிவைத்தால் அது வட்டி.

எதை எடுத்துக்கொள்வது

தினமும் நபியவர்கள்மீது குப்பை கொட்டிய மூதாட்டி நோயுற்றபோது அவர்கள் நலம் விசாரிக்கப் போன கதையைக் கேட்டிருப்பீர்கள். நம்பகமான ஹதீஸ் (நபிமொழி) நூல்களில் அது இல்லை. நல்ல கருத்துதானே என்று அதைப் பரப்பத் தேவையில்லை, ஆதாரமுள்ளவையே ஏராளம். நபியவர்களின் தோற்றத்தையும் குணங்களையும் தொகுத்த இமாம் திர்மிதியின் ஷமாயில் நூலில் மட்டும் சுமார் 400 அறிவிப்புகள். ஒவ்வோர் அறிவிப்பின் நம்பகத் தரமும் குறிப்பிட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

படிக்கும்போது ஒவ்வொரு ஹதீஸுக்கும் மூன்று வரி எழுதுங்கள்: என்ன நடந்தது, என்ன செய்தார்கள், செய்திருக்கக்கூடிய எதைச் செய்யவில்லை. உதாரணமாக, தடித்த கரை போட்ட நஜ்ரான் ஊர் மேலாடையைக் கிராமவாசி ஒருவர் பிடித்திழுத்ததில் நபியவர்களின் தோளருகே தடம் பதிந்துவிட்டது. ‘உம்மிடமுள்ள அல்லாஹ்வின் செல்வத்திலிருந்து எனக்குக் கொடுக்கச் சொல்லும்’ என்றார் அவர். நபியவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், கொடுக்கச் சொன்னார்கள். மூன்றாவது வரியில் எழுத வேண்டியது: ‘இப்படியா கேட்பது?’ என்று கேட்கவில்லை.