மம்பிளில் ஆள் வந்தால் பெயர் சொல்லும் குரல்: காதில் விழாததற்குக் காரணம்

ராயபுரத்தில் எங்கள் நான்கு பேர் குழு பேசுவது மம்பிள் என்ற குரல் அரட்டைச் செயலியில். யார் வந்தார், யார் போனார் என்று திரையைப் பார்க்காமலே தெரிய வேண்டும். கான்ஃபிகர் மெனுவில் டெக்ஸ்ட்-டு-ஸ்பீச் (எழுத்தைக் குரலில் வாசிக்கும் வசதி) டிக் இருந்தும் விண்டோஸில் ஒன்றும் கேட்கவில்லை.

நம் பேச்சு, மம்பிளில் தேர்ந்தெடுத்த ஹெட்செட்டுக்குப் போகிறது. அறிவிப்புக் குரலோ விண்டோஸின் டீஃபால்ட் அவுட்புட்டுக்குப் போகிறது. இங்கே அது சத்தம் குறைத்து வைத்த மானிட்டர் ஸ்பீக்கர். சவுண்ட் செட்டிங்ஸில் யூஎஸ்பி ஹெட்செட்டை டீஃபால்ட் ஆக்கியதும் குரல் வந்துவிட்டது. ஸ்பீக்கரிலேயே விடாதீர்கள், மைக் பிடித்து எல்லார் காதிலும் ஒலிக்கும்.

பிறகு செட்டிங்ஸில் மெசேஜஸ் பக்கம். ஒவ்வொரு நிகழ்வுக்கும் டெக்ஸ்ட்-டு-ஸ்பீச் கட்டம் தனியாக உண்டு. சேனலில் (பேச்சு அறையில்) சேர்வது, விலகுவது இரண்டுக்கு மட்டும் டிக் போதும். அரட்டைச் செய்திக்கும் போட்டால் ஆள் பேசும்போதே குரல் குறுக்கே வரும். வால்யூம் 60, தெருவில் ஷேர் ஆட்டோ ஹாரன் அதிகமென்றால் 80.

ஆங்கிலக் குரலுக்கு ழகரம் வராது. ஆங்கில எழுத்தில் 'குழலி' என்று வைத்தால் 'குஸ்ஹலி' என்கிறது. இசட்-எச்சுக்குப் பதில் எல் போட்டால் புரிகிறது. சர்வரில் பதிவான பெயரென்றால் அட்மினிடம் சொல்லித்தான் மாற்ற வேண்டும்.