அடுக்குதான் தாங்கும், கயிறு அழுத்தும்: திறந்த பாடி லாரியில் லோடு கட்டுவது எப்படி

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் புதிதாக வண்டி ஏறும் கிளீனர் பையன் கட்டிய லோடைப் பார்த்தால் மூத்த டிரைவர் கேட்கும் கேள்வி இப்படித்தான் இருக்கும்: "தம்பி, கயிறு கட்டியிருக்கியா, கோலம் போட்டிருக்கியா?" கயிறு குறுக்கும் நெடுக்குமாக அழகாக ஓடியிருக்கும். கையால் தட்டினால் தொளதொளவென்று ஆடும்.

அந்தக் கிண்டலுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு ஆள் கயிற்றைப் பிடித்து இழுத்தால் 40, 50 கிலோ இழுவை கிடைக்கும். சுருக்கு வளையம் போட்டு இழுத்தால் அது ஏறத்தாழ இரண்டு மடங்காகும். எட்டுக் கயிறு போட்டு, ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் கீழே அழுத்துகிறது என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் ஒன்றரை டன்னைத் தாண்டுவது அரிது. லோடோ பத்துச் சக்கர வண்டியில் 18 டன். சடன் பிரேக் போட்டால் லோடு தன் எடையில் முக்கால் பங்குக்கும் மேலான விசையோடு முன்னால் தள்ளும். வளைவில் பாதி எடைக்குப் பக்கவாட்டில் தள்ளும் என்று வைத்துத்தான் கட்ட வேண்டும். அதைக் கயிறு மட்டும் நிறுத்தாது. மூட்டைக்கும் மூட்டைக்கும் உள்ள பிடிமானம், மூட்டைக்கும் பலகைக்கும் உள்ள பிடிமானம், கேபின் பக்கத்துப் பலகை, பக்கப் பலகை இவைதான் நிறுத்துகின்றன. அடுக்கு கலையாமல் மேலிருந்து அழுத்திக்கொண்டிருப்பது கயிற்றின் வேலை. அடுக்கு தப்பாக இருந்தால் இரண்டு கயிறு கூடப் போட்டும் பயனில்லை.

அடுக்குவது

50 கிலோ அரிசி மூட்டை என்று எடுத்துக்கொள்வோம். 18 டன்னுக்கு 360 மூட்டை. 22 அடி பாடியில் ஒரு வரிசைக்கு முப்பத்தைந்தை ஒட்டி மூட்டை பிடிக்கும். பத்து வரிசை உயரம், அதாவது ஐந்து அடிக்குப் பக்கமாக வரும்.

முதலில் பலகையைக் கூட்டுங்கள். பழைய லோடில் சிந்திய சிமென்டு, தவிடு, எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. ஈரப் பலகையில் மூட்டை சறுக்கும். மழைக்காலமானால் அடியிலும் ஒரு தார்ப்பாய் விரிக்க வேண்டும், ஆனால் அது வழவழப்பான பிளாஸ்டிக் ஷீட்டாக இருக்கக் கூடாது.

கேபின் பக்கத்துப் பலகையோடு இடைவெளியே இல்லாமல் தொடங்குங்கள். அங்கே அரை அடி காலி விட்டால், பிரேக் போடும்போது மொத்த லோடும் அந்த அரை அடிக்கு ஓடிவந்து இடிக்கும். இடைவெளி தவிர்க்க முடியாதென்றால் சாக்கு, கட்டை, பழைய டயர் ஏதாவது திணித்து அடைக்க வேண்டும்.

ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்த வரிசை குறுக்குவாக்கில். கீழே இரண்டு மூட்டை சேரும் இடத்தின் மேல் ஒரு மூட்டையின் வயிறு உட்கார வேண்டும். ஓரத்து மூட்டைகளின் தைத்த வாய் உள்பக்கம் பார்க்கட்டும். தையல் விட்டாலும் சரக்கு ரோட்டில் கொட்டாது. பக்கப் பலகையின் உயரத்தைத் தாண்டியதும் ஒவ்வொரு வரிசையையும் இரண்டு, மூன்று அங்குலம் உள்ளே வாங்கி அடுக்குங்கள். சணல் சாக்கு ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும். இப்போது வரும் பிளாஸ்டிக் நெசவுச் சாக்கு வழுக்கும். அதற்கு இந்த உள்வாங்கல் கொஞ்சம் கூடவே வேண்டும்.

மேல் வரிசையை மட்டமாக முடிப்பதுதான் பலர் செய்யும் தப்பு. மட்டமான தலைமேல் போகும் கயிறு இரண்டு ஓரத்தை மட்டும் அழுத்தும், நடுவில் சும்மா கிடக்கும். நடுவில் ஒரு வரிசை மூட்டை கூட வைத்து முதுகு எழுப்புங்கள். கயிறு முழு அகலத்துக்கும் அழுத்தும், மழைத் தண்ணீரும் தேங்காமல் வடியும்.

கனம் எங்கே விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பின் ஆக்சிலுக்குப் பின்னால் கனம் கூடினால் முன் சக்கரம் லேசாகும். ஸ்டியரிங் கைக்கு வெண்ணெயாகத் திரும்பினால் சந்தோஷப்பட வேண்டாம், அது கெட்ட அறிகுறி. வண்டி கலப்பு லோடு ஏற்றினால் கனமானது அடியில், பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால்.

கயிறு

அந்தக் காலத்துத் தேங்காய் நார்க் கயிறும் சணல் கயிறும் இப்போது குறைந்துவிட்டன. சணல் நனைந்தால் சுருங்கி இறுகும், காய்ந்ததும் தளரும். மழை விட்ட பிறகு ஒரு தடவை இறங்கிப் பார்க்க வேண்டிய கயிறு அது. நைலான் வலுவானது, ஆனால் நீளும், நனைந்தால் இன்னும் கொஞ்சம் நீளும். கடையில் பிளாஸ்டிக் கயிறு என்று விற்பது விலை குறைவு. வெயிலில் கிடந்தால் மேல்நார் உதிர்ந்து சொரசொரக்கும், முடிச்சும் வழுக்கும். லோடுக்கு 14 முதல் 16 மில்லிமீட்டர் தடிமன் நைலான் போதும். புதிய 16 மில்லிமீட்டர் நைலான் அறுவதற்கு 5 டன் அளவு இழுவை வேண்டும். முடிச்சு விழுந்த இடத்தில் அந்த வலுவில் பாதிதான் மிச்சம். அதனால் நடுவில் அறுந்ததை முடிச்சுப் போட்டு ஒட்டிய கயிற்றைத் தார்ப்பாய் கட்ட வைத்துக்கொள்ளுங்கள், லோடுக்கு வேண்டாம்.

ஒரு சுற்றுக்கு இரண்டு பக்கம் ஏழேழு அடி, குறுக்கே எட்டு அடி, முடிச்சுக்கு ஆறு, ஏழு அடி: ஏறத்தாழ 30 அடி. மூன்று அடிக்கு ஒன்று வீதம் 22 அடி பாடிக்கு எட்டுச் சுற்று. ஆக 240 அடி. ஒரே நீளக் கயிற்றைப் பாடியின் அடி ஓரத்தில் இருக்கும் கொக்கிகளில் கொக்கி கொக்கியாக வளைத்துக் கொண்டுபோவது வேகமான வேலைதான். ஆனால் ஒரு இடத்தில் அறுந்தால் மொத்தமும் தளரும். அப்படிக் கட்டினாலும் ஒவ்வொரு மூன்றாவது கொக்கியிலும் முடிச்சுப் போட்டு நிறுத்த வேண்டும்.

இழுத்துக் கட்டும் முறை

டிரைவர் பக்கத்துக் கொக்கியில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, தன்மேலேயே இரண்டு அரை முடிச்சுப் போடுங்கள். மிச்சத்தை மேலே எறியும் முன் "கயிறு வருது!" என்று கத்த வேண்டும். அந்தப் பக்கம் நிற்பவன் "வரட்டும்!" என்று சொன்ன பிறகுதான் எறிவது. முகத்தில் ஈரக் கயிறு வாங்கினவனிடம் கேட்டால் ஏன் என்று சொல்வான்.

மேலே ஒருவன் நின்று, கயிற்றை அதற்குரிய இடத்தில் வைத்து, காலால் மிதித்துத் தொய்வை வாங்கித் தர வேண்டும். கீழே நிற்பவன் தொங்கும் கயிற்றில் தன் தோள் உயரத்தில் ஒரு முறுக்குப் போட்டு, அதற்குள் கயிற்றை மடித்து நுழைத்துச் சுருக்கு வளையம் எடுக்க வேண்டும். வளையம் கொக்கியிலிருந்து இரண்டரை, மூன்று அடி மேலே இருக்கட்டும். ரொம்பக் கீழே போட்டால் இழுக்க இடமிருக்காது. மிச்சக் கயிறு கொக்கிக்கு அடியில் போய், மேலே வந்து, வளையத்துக்குள் நுழைந்து, மறுபடி கீழே வரும். இப்போது அதைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுங்கள். கைவலுவால் அல்ல, உடம்பு எடையால். ஒரு கால் பின்னால் ஊன்றி, வெடுக்கென்று இல்லாமல் இரண்டு, மூன்று சீரான இழுப்பு.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்காதீர்கள். அறுந்தால் மல்லாக்க விழுவீர்கள், அறாவிட்டால் விரல் மாட்டும். ரோட்டோரம் நிறுத்தியிருந்தால் வண்டி போகிற பக்கத்தில் நின்று இழுக்க வேண்டாம். எறிவது அந்தப் பக்கத்திலிருந்து, இழுப்பது மண் பக்கத்தில்.

இறுகியதும் வளையத்தை ஒட்டி விரலால் நெருக்கிப் பிடித்து, கயிற்றின் நுனியை நுழைக்காமல், மடித்த மடிப்பை நுழைத்து அரை முடிச்சு இரண்டு. இறக்கும்போது நுனியைச் சுண்டினால் அவிழும். நுனியையே நுழைத்து முடிந்தவன் இறக்குமிடத்தில் பல்லால் கடித்துக்கொண்டிருப்பான். "என்ன மாப்ள, கயிறு ருசியா இருக்கா?"

வளையம் உரசும் இடம் சூடாகி நைலான் உருகும். ஒவ்வொரு லோடுக்கும் வளையத்தை ஓர் அடி மேலோ கீழோ மாற்றிப் போடுங்கள். அதே இடத்திலேயே போட்டு வந்தால் கயிறு ஒருநாள் அங்கேதான் அறும்.

எட்டில் முன்னாலும் பின்னாலும் உள்ள இரண்டு சுற்றுகளைப் பெருக்கல் குறியாகக் குறுக்கே போட வேண்டும். முதல் சுற்று கேபின் பக்கத்துப் பலகையை ஒட்டி, கடைசிச் சுற்று பின் டோருக்கு ஓர் அடி உள்ளே. கயிறு செங்குத்தாக இறங்கினால் இழுவை முழுதும் அழுத்தமாகும். தரையோடு 30 டிகிரி சாய்வில் இறங்கினால் பாதிதான். தாழ்ந்த லோடுக்கு மேலே போகும் கயிறு வேலை செய்யாததற்கு இதுவே காரணம். அப்போது கயிற்றைவிட, லோடு நகராமல் அண்டைகொடுக்கும் அடைகட்டைகளை நம்புங்கள். கயிறு இரும்பு மூலையில் உரசும் இடமெல்லாம் பழைய டியூப் துண்டோ மடித்த சாக்கோ.

படுதா

லோடுக்கயிறு முடிந்த பிறகுதான் படுதா, அதாவது மேலே மூடும் தார்ப்பாய். இரண்டு படுதா போடுவதானால் பின்னாலிருப்பதை முதலில் விரித்து, முன்னாலிருப்பதை அதன்மேல் இரண்டு அடி ஏறும்படி விரியுங்கள். ஓடு வேய்வது போலத்தான், ஆனால் இங்கே மறைக்க வேண்டியது காற்றை. மாற்றிப் போட்டால் எதிர்க்காற்று இடுக்கில் புகுந்து ஊதும், ஐம்பது கிலோமீட்டருக்குள் கண்ணிகள், அதாவது கயிறு கோக்கும் ஓரத் துளைகள், கிழியும். முன் மூலை மடிப்பின் வாய் பின்பக்கம் பார்க்க வேண்டும். ஓரத்துக் கண்ணிகளை ஒன்று விடாமல் கட்டி, மேலே மெல்லிய கயிறு நாலைந்து சுற்று. கட்டி முடித்துத் தொங்கும் நுனிகளைச் செருகிவிடுங்கள். தொங்கும் கயிறு சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் முடிச்சைப் பிடுங்கிக்கொண்டு போகும்.

கயிறு போதாத லோடுகள்

சவுக்குக் கட்டைக்குப் பக்கத்தில் செங்குத்துக் கம்பங்கள் நட்டு, அடிமுனையும் நுனிமுனையும் மாற்றி மாற்றி அடுக்கி, நடுவில் ஒரு சங்கிலி. கருங்கல் பாளம், இரும்புச் சுருள் என்றால் அடியில் மரச்சட்டம், இருபுறமும் ஆப்பு, பிறகு சங்கிலியும், அதை முறுக்கேற்றும் இறுக்கிக் கருவியும். நைலானுக்கு அங்கே வேலையில்லை. வைக்கோலில் ஆபத்து மேலே இருக்கிறது: தாழ்ந்த மின்கம்பி உரசித் தீப்பிடிப்பது ஒவ்வோர் அறுவடையிலும் நடக்கிறது. கிராமத்துச் சாலையில் ஒருவன் முன்னால் நடந்து கம்பி பார்க்க வேண்டும். கரும்பு ஏற்றித் திம்பம் மலைச்சாலைக்குப் போகிறவர்கள் தோகை வெளியே நீட்டாமல் கட்டட்டும். ஆசனூர், காராப்பள்ளம் பக்கத்து யானைகளுக்கு லாரி நிறுத்தக் கற்றுக்கொடுத்ததே நீட்டிக்கொண்டிருந்த கரும்புதான்.

லோடு பாடியைவிட்டு வெளியே நீட்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம், இறக்கும் செலவும் உங்கள் தலையில். கூடுதல் எடைக்கும் 20,000, அதற்குமேல் டன்னுக்கு 2,000.

வழியில்

கிளம்பி 20, 30 கிலோமீட்டருக்குள் மூட்டைகள் அமர்ந்துவிடும், கயிறு தளர்ந்துவிடும். எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் இது நடக்கும். முதல் டீக்கடையில் டீ சொல்லிவிட்டு எல்லாக் கயிற்றையும் தட்டிப் பாருங்கள். விண்ணென்று அதிர்ந்தால் சரி, பொத்தென்று அமுங்கினால் இழுக்க வேண்டும். பிறகு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் வருகிறவர்கள் தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் கட்டாயம் நிறுத்துங்கள். இறக்கத்தில் லோடு முன்னால் சாயும், பின் கயிறுகள்தான் முதலில் தளரும்.

ஓடுகிற வண்டியில் தன் லோடு டிரைவருக்குத் தெரியாது. எதிரில் வருகிறவன் கண்ணுக்குத்தான் தெரியும். லாரிக்காரர்களின் கேலி பாதிக்குமேல் இந்த வேலையைத்தான் செய்கிறது. "அண்ணே, வண்டி எப்போ ரன்வே ஏறுது?" என்றால் படுதா பறக்கிறது. "லோடு உங்களுக்கு முன்னாடியே கெளம்பிருச்சுங்க" என்றால் பின் டோர் பக்கம் ஏதோ சிந்துகிறது. "இந்தப் பக்கம் என்ன, ஒருக்களிச்சுத் தூங்குதா?" என்றால் அடுக்கு சாய்ந்திருக்கிறது, இதைக் கேட்டதும் சிரிக்காமல் இறங்கிவிட வேண்டும். எதிர்வண்டிக்காரன் விளக்கு மினுக்கிக் கையை வெளியே நீட்டி எதையோ காட்டினால், செக்கிங் என்று நீங்களாக முடிவுகட்டாமல் ஓரங்கட்டிப் பாருங்கள். சைகைக்கு எழுதி வைத்த இலக்கணம் கிடையாது.

திருப்பிச் சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. மூத்தவரிடம் "அண்ணே, பார்த்துட்டேங்க" போதும். கிளீனரை அவன் முதலாளி முன்னால் கேலி செய்யக் கூடாது, டிரைவரிடம் தனியாகச் சொல்லலாம். விபத்து நடந்த வண்டியைப் பற்றிக் கேலியே கிடையாது. "எலுமிச்சம்பழம் கட்ட மறக்கல, டோர் கொக்கிய மறந்துட்டான்" என்பது மட்டும் யார் யாரிடமும் சொல்லலாம், ஏனென்றால் எல்லாரும் ஒருநாள் மறந்தவர்கள்தான்.

இறக்குவது

வழியில் மூட்டை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் நின்று கயிறு அவிழ்க்காதீர்கள். முதலில் சுற்றிவந்து பார்த்து, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். பின் டோர் கொக்கியைத் தட்டும்போது நேர் பின்னால் நிற்காமல் ஓரமாக நில்லுங்கள். உள்ளே சாய்ந்திருக்கும் மூட்டை டோரோடு சேர்ந்து வரும். ஆட்கள் மேலிருந்து படிப்படியாக எடுக்கட்டும், ஒரு பக்கத்தையே குடைந்து கொண்டுபோனால் மறுபக்கம் சரியும்.

காலியானதும் கயிற்றை நிழலில் உலர்த்தி, கையால் உருவிப் பார்த்துச் சுருட்டுங்கள். உருகி வழவழத்த இடம், மெலிந்த இடம், உள்நார் தெரியும் இடம் எது தட்டுப்பட்டாலும் அங்கேயே வெட்டிவிட வேண்டும். மிஞ்சும் துண்டு ஸ்டெப்னி கட்டவும் தண்ணீர் கேன் கட்டவும் ஆகும்.