சுடரின் நிறத்தால் உலோகத்தை அறிதல்: சோடியத்தின் மஞ்சளைக் கடந்து செல்வது எப்படி?

கல்லூரி முதலாண்டில் எனக்குக் கொடுக்கப்பட்ட வெண்ணிற உப்பைக் கம்பி நுனியில் தொட்டுச் சுடரில் காட்டியபோது பளீரென்று மஞ்சள் எழுந்தது. நான் தயங்காமல் சோடியம் என்று எழுதினேன். அந்த உப்பு பொட்டாசியம் குளோரைடு. எனக்கு முன்பு அதே கம்பியைப் பயன்படுத்தியவர் விட்டுச்சென்ற சோடியம் அதில் ஒட்டியிருந்தது. ஆகவே இந்தச் சோதனையில் நான் மிகுந்த அக்கறையுடன் சொல்ல விரும்புவது கம்பியைத் துப்புரவு செய்யும் முறையைத்தான்.

புன்சன் அடுப்பின் (ஆய்வக வாயு அடுப்பு) காற்றுத் துளையை முழுவதும் திறந்து, ஒளி குன்றிய நீலச் சுடரை வரவழைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடிகாரக் கண்ணாடியில் (குழிந்த சிறு கண்ணாடித் தட்டு) சிறிதளவு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்து, நுனி வளையமாக வளைக்கப்பட்ட கம்பியை அதில் தோய்த்துச் சுடரில் காட்டுங்கள். மஞ்சள் தோன்றினால் மறுபடியும் தோய்த்துக் காட்டுங்கள். கம்பியைக் காட்டியும் சுடரின் நிறம் மாறாத நிலை வரும்வரை, அது பத்து முறையானாலும், இதைத் தொடர வேண்டும். துப்புரவான வளையத்தை விரலால் தொடக்கூடாது. வியர்வையின் உப்பே மீண்டும் மஞ்சளைக் கொண்டுவந்துவிடும். 1860ஆம் ஆண்டளவில் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் கிர்க்காஃப், புன்சன் என்ற அறிவியலாளர்கள் ஓர் அறையின் மூலையில் வெறும் 3 மில்லிகிராம் சோடியம் குளோரேட்டை வெடிக்கச் செய்தபோது, சில நிமிடங்களில் தொலைவிலிருந்த சுடரிலும் சோடியத்தின் மஞ்சள் தெரிந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் கண்டிப்பு மிகையன்று என்பது விளங்கும்.

இனி வேறொரு கடிகாரக் கண்ணாடியில் உப்பை இரண்டொரு துளி அமிலத்துடன் பசைபோலக் குழைத்து, வளையத்தில் தொட்டுச் சுடரின் வெளிவிளிம்பில் பிடியுங்கள். அமிலம் உப்பைக் குளோரைடாக மாற்றும், குளோரைடுகள் எளிதில் ஆவியாகும் என்பதால்தான் அதைச் சேர்க்கிறோம். வெப்பத்தால் உயர் ஆற்றல் நிலைக்கு ஏறிய எலக்ட்ரான்கள் கீழிறங்கும்போது ஒளியை உமிழ்கின்றன; சோடியத்தில் அது ஏறத்தாழ 589 நானோமீட்டர் அலைநீளமுள்ள பொன்மஞ்சள். பொட்டாசியம் வெளிர் ஊதாவையும், லித்தியம் கருஞ்சிவப்பையும், பேரியம் ஆப்பிள் பச்சையையும், தாமிரம் நீலம் கலந்த பச்சையையும் தருகின்றன.

பொட்டாசியத்தின் ஊதா மிகவும் மெலிந்தது. இம்மியளவு சோடியம் இருந்தாலும் அது மறைந்துவிடும். கோபால்ட் நீலக் கண்ணாடி மஞ்சளை உறிஞ்சிக்கொள்வதால், அதன் வழியே பார்த்தால் பொட்டாசியம் செவ்வூதாவாகத் தெரியும். ஆய்வகத்தில் ஒரே ஒரு துணைக்கருவியை வாங்க முடியுமென்றால் நான் இதைத்தான் வாங்குவேன்.

கம்பியைப் பொறுத்தவரை, தொடக்க நிலையினருக்கு நைக்ரோமே (நிக்கல், குரோமியம் கலந்த உலோகக் கலவை) போதும் என்பது என் கருத்து. பிளாட்டினம் சிறந்ததுதான், ஆனால் காரீய உப்புகளைச் சூடாக்கினால் விலை மிகுந்த அந்தக் கம்பி கெட்டுவிடும். நைக்ரோமின் நுனி கறுத்துப்போனால் வெட்டியெறிந்துவிட்டுப் புதிய வளையம் செய்துகொள்ளலாம்.

மெத்தனாலில் உப்பைக் கரைத்துக் கொளுத்தும் முறையைச் சிலர் கேட்டிருந்தார்கள். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். எரியும் கிண்ணத்தில் மெத்தனாலை மேலும் ஊற்றும்போது தீ புட்டிக்குள் தாவி, எதிரே நின்ற மாணவர்களைச் சுட்ட விபத்துகள் பலமுறை நடந்திருக்கின்றன. பேரியம் உப்புகள் நஞ்சு என்பதையும், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, அமில ஆவி வெளியேற வழியுள்ள காற்றோட்டமான இடத்தில் நின்றே கம்பிச் சோதனையைச் செய்யவேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

கால்சியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் பிரித்தறிய முடியவில்லை என்று இன்னொரு வாசகர் எழுதியிருந்தார். கால்சியத்தின் செங்கற்சிவப்பு ஆரஞ்சுச் சாயலோடு சட்டென்று தோன்றி விரைவில் மங்கும். ஸ்ட்ரான்சியத்தின் சிவப்பு ஆழ்ந்தது, சற்று நேரம் நிலைத்தும் நிற்கும். பேரியமோ தாமதமாகவே நிறம் காட்டும் என்பதால், முதல் சில நொடிகளில் ஒன்றும் தெரியவில்லை என்று கம்பியை எடுத்துவிடாமல், அது நன்கு பழுக்கும்வரை பொறுத்திருந்து பாருங்கள்.