டேபிள் ஃபேனை ஜன்னல் பக்கம் திருப்புங்கள்

வீட்டில் ஒருவருக்குக் கொரோனா வந்து தனி அறையில் இருந்தால், டேபிள் ஃபேனை ஜன்னலை ஒட்டி, முகம் வெளியே பார்க்கும்படி வையுங்கள். கதவு சாத்தியே இருக்கட்டும். ஃபேன் அறைக் காற்றை வெளியே தள்ளும். அதை ஈடுகட்டக் கூடத்துக் காற்று கதவிடுக்கு வழியாக உள்ளே போகும். கிருமி கலந்த காற்று கூடத்துக்கு வருவது குறையும்.

சரிபார்க்க, சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, வெளியிலிருந்து கதவிடுக்கில் மெல்லிய டிஷ்யூ துண்டு ஒன்றைப் பிடியுங்கள். அது உள்பக்கம் இழுபட வேண்டும். ஊதுபத்திப் புகையிலும் தெரியும், ஆனால் இருமுகிறவர் பாவம்.

ஜன்னல் அடுக்குமாடி நடைவழியிலோ பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராகவோ திறந்தால் இது வேண்டாம். சாப்பாடு கொண்டுபோகிறவருக்கு மாஸ்க் எப்படியும் தேவை.