தீம் பாஸை வடிவமைக்கும்போது சறுக்கும் இடங்கள்

போக்கிமான் மாதிரி உயிரினங்களைப் பிடித்துச் சேர்க்கும் கேம் ஒன்றைச் செய்பவர்களிடம் பாஸை, அதாவது வழியில் தோற்கடிக்க வேண்டிய பெரிய எதிராளியைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் "இவர் நெருப்பு டைப்" என்பார்கள். (டைப் என்றால் உயிரினத்தின் வகை: நெருப்பு, தண்ணீர், பாறை என்று ஒவ்வொன்றும் சிலதிடம் பலம், சிலதிடம் பலவீனம்.) அதோடு தீம் முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. பாஸின் ஆறு உயிரினங்களும் நெருப்பு என்றால் ஆறுக்கும் தண்ணீர்தான் பதில். ஒரே பட்டனை ஆறு முறை அழுத்திவிட்டு ஆட்டக்காரர் கிளம்பிவிடுவார்.

1999-ல் வந்த போக்கிமான் கோல்ட், சில்வரில் ஜிம் தலைவி (ஒரு ஊரின் பாஸ்) விட்னியைப் பாருங்கள். நார்மல் டைப், காகிதத்தில் சப்பென்ற தீம். ஆனால் அவருடைய லெவல் 20 மில்டேங்க் என்ற பசு மாதிரி உயிரினம் ரோல்அவுட் என்ற அடியில் உருள ஆரம்பித்தால் அடியின் பலம் 30, 60, 120, 240, 480 என்று ஏறும். குறி தவறினாலோ ஐந்து அடியும் முடிந்தாலோதான் மறுபடி 30. எதிரே ஆண் உயிரினம் நின்றால் அட்ராக்ட் போட்டு மயக்கும், காயம் பட்டால் மில்க் டிரிங்க் குடித்துப் பாதி உயிரை மீட்டுக்கொள்ளும். ஆக, அந்தச் சண்டை கேட்கும் கேள்வி டைப் பற்றியதே இல்லை. உருள்வதை எப்படி நிறுத்தப்போகிறாய் என்பதுதான். பதிலும் அதே ஊரிலேயே இருக்கிறது: டிபார்ட்மென்ட் ஸ்டோரில் ஒருவர் மச்சோப் என்ற உயிரினத்தை மாற்றிக்கொள்ளத் தருவார். ரோல்அவுட் பாறை டைப் என்பதால் சண்டை டைப் மச்சோப்புக்குப் பாதி அடிதான் விழும்.

பதிலை எட்டும் தூரத்தில் வைக்காமல் விடுவது அடுத்த தவறு. 1998-ல் வந்த போக்கிமான் யெல்லோவில் கையில் இருப்பது மின்சார டைப் பிகாச்சு. முதல் ஜிம்மில் பிராக்கின் பாறை, மண் உயிரினங்களை மின்சாரம் தொடவே தொடாது. அதனால்தான் முன்பே வரும் புல்வெளியில், பாறையை நொறுக்கும் சண்டை டைப் மேங்கியைப் பிடிக்க வழி வைத்தார்கள்.

அப்புறம், கையிருப்பை எண்ணாமல் தீமை அறிவிப்பது. 2006-ன் டயமண்ட், பேர்லில் கடைசிக் கட்ட பாஸ்களில் ஒருவரான ஃபிளின்ட் நெருப்பு நிபுணராம். அவருடைய ஐந்து உயிரினங்களில் நெருப்பு இரண்டே: ராபிடாஷ், இன்ஃபர்னேப். மிச்சம் ஸ்டீலிக்ஸ், டிரிஃப்ப்ளிம், லோபன்னி! அந்தப் பகுதியின் பட்டியலில் நெருப்பு உயிரினங்களே அவ்வளவு குறைவு. 2008-ல் பிளாட்டினத்தில் பட்டியலை விரித்த பிறகு ஐந்தும் நெருப்பாயின. பட்டியல் சின்னது என்றால் வெயில், விஷம், தூக்கம் என்று ஒரு தந்திரத்தையே தீமாக்குவது நல்லது. அதற்கு எந்த டைப்பும் சேரும்.

சண்டை சுலபமாகிவிட்டது என்று லெவலை மட்டும் ஏற்றுவதும் வேண்டாம். ஆட்டக்காரர் யோசிக்க மாட்டார், புல்வெளியில் சுற்றி லெவல் ஏற்றிக்கொண்டு வருவார். அதிர்ஷ்டத்தை நம்பவைக்கும் அடிகளும் அளவோடு போதும். விட்னியின் அட்ராக்ட்கூட எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். யெல்லோவில் இன்னொரு ஜிம் தலைவரான சர்ஜின் ஜிம்மில் குப்பைத்தொட்டிகளைக் கிளறிச் சுவிட்ச் தேடுவதைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பதே மேல்.

டெஸ்ட் செய்ய, இதற்குமுன் பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். தோற்றதும் ஏன் என்று கேளுங்கள். "லெவல் பத்தலை" என்றால் மறுபடி உட்காரவேண்டியதுதான். "உருள ஆரம்பிக்கும்போதே தூங்க வெச்சிருக்கணும்" என்றால் கைவைக்காமல் விட்டுவிடுங்கள்.