சத்தமில்லாத கணினிக்கு ரேடியேற்றர் வாங்கப்போய் நான் விட்ட பிழைகள்

போன கிழமை உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி, தானே பூட்டிய தண்ணீர்க் குளிர்ச்சிக் கணினியோடு வந்தார். "அண்ணை, ஃபான் எல்லாம் சத்தமில்லாததுதான். கேம் போட்டா மட்டும் இரைச்சல் தாங்கேலாம கிடக்கு." ரோர்ச் அடித்து, சூடேறிய தண்ணீரை ஃபான் காற்றால் ஆற்றும் ரேடியேற்றரைப் பார்த்தேன். ஏழு வருசத்துக்கு முதல் நான் விட்ட அதே பிழை.

ட்யூப்பை இறுக்காதது, கசிவு பார்க்காமல் சுவிட்சைப் போட்டது எல்லாம் ஒருதரம் மேசை நனைந்தால் தானாக விளங்கும். அதை விடுவோம்.

நெருக்கமான தகடு, மெதுவான ஃபான்

உவர்மலை வீட்டுக்கு முதல் ரேடியேற்றரைக் கொழும்பில் இருந்து எடுப்பித்தேன். நீளம் 360 மில்லிமீற்றர், காற்று இடையால் போகும் மெல்லிய தகடு அங்குலத்துக்கு 30. தகடு கூடினால் குளிர்ச்சியும் கூடும் என்பது என் கணக்கு. அதில் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் மூன்று ஃபான். தண்ணீர் சூடேறிக்கொண்டே போனது. ஃபானில்தான் பிழை என்று இன்னும் மூன்று, விலை கூடினதாகப் பார்த்து வாங்கினேன். அதே கதை. கடைசியில் சாமியறை ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஃபானுக்கு முன்னால் பிடித்தேன். புகை உள்ளே போய், தகட்டில் முட்டி, ஓரத்தால் திரும்பி என் மூக்குக்கே வந்தது.

ஃபானின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் அழுத்தம் கால்வாசியாகிவிடும். நெருங்கிய தகட்டுக்குள் காற்றைத் திணிக்க அது காணாது. 1,800 சுற்றுக்கு ஏற்றினால் நன்றாகக் குளிரும். அந்த ரேடியேற்றர் செய்யப்பட்டதே அதற்குத்தான். ஆனால் குசினிக்குள் இருந்து அம்மா, "உது என்ன, மில்லோ ஓடுது?" என்று கேட்டா.

அமைதி வேண்டுமென்றால் அங்குலத்துக்கு 10 முதல் 16 தகடு போதும். இடமிருந்தால் பெரிய ரேடியேற்றராகவே எடுங்கள். ஃபான், அழுத்தத்துக்கென்று செய்த அகல இதழ் உள்ளதாக இருக்க வேண்டும். பெட்டிக் காற்றோட்டத்துக்கு விற்பதைக் கொண்டுவந்து இதில் பூட்டாதீர்கள். என்னுடைய அந்த 30 தகட்டை அரை விலைக்கும் ஒருவரும் கேட்கவில்லை. அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. பார்த்தாலே எரிச்சல்.

குளிர்நாட்டு எண்களை நம்புவது

குளிர்நாட்டில் 20 பாகை அறையில் அளந்து போடும் சூட்டு எண்ணை வைத்து நாம் என்ன செய்வது? கச்சான் வீசும் ஆடியில் என் அறை 33 பாகை. தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது. அறைக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் 10 பாகைக்குள் நின்றால் ஃபானை மேலும் விரட்ட வேண்டாம்.

புரொசசர் சூட்டுக்கு ஃபானை ஓட்டுவது

ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தாலே புரொசசர் சூடு துள்ளும். ஃபானும் ஊளையிட்டு அடங்கும். தண்ணீர் ஆறுதலாகத்தான் சூடேறும். அதில் ஒரு சென்சரைப் போட்டு, அதன்படி ஓட்டுங்கள்.

அலுமினிய ரேடியேற்றர், செம்பு புளொக்

வேண்டாம். புளொக் என்பது புரொசசருக்கு மேல் பூட்டும், தண்ணீர் ஓடும் உலோகத் துண்டு. ஒரே தண்ணீரில் செம்போடு சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

தூசு

கடற்காற்றின் உப்பீரத்தோடு சேர்ந்த தூசு தகட்டிடையில் களிபோல் ஒட்டும். தம்பியின் ரேடியேற்றரைப் பெயின்ற் பிரஷ்ஷால் அரை மணித்தியாலம் துப்புரவாக்கினோம். பிறகு ஊதுபத்தியை அவர் கையிலேயே கொடுத்தேன். புகை அவர் முகத்துக்கே திரும்பியது.