ஊர்க்காரர் மனம் கோணாமல் அவர்கள் ஊர்ச் செயின் கடையில் சாப்பிடுவது எப்படி

உலகம் முழுக்கக் கிளை வைத்திருக்கும் பர்கர் கடைக்குள் நுழைவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மாநிலத்துக்குள், சில சமயம் ஒரே நகரத்தைச் சுற்றி மட்டும் ஒரே பெயரில் பல கிளைகளாகப் பரவியிருக்கும் செயின் கடைகள் அப்படியில்லை. அந்த ஊர்க்காரர் ஒருவர் உங்களை அங்கே கூட்டிக்கொண்டு போகிறார் என்றால், அது கிட்டத்தட்ட வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவது மாதிரிதான். நீங்கள் முதல் வாய் வைக்கும்போது அவர் தன் தட்டைப் பார்க்க மாட்டார், உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

போவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அந்தக் கடை எங்கே, எப்போது தொடங்கியது, ஊருக்கும் அதற்கும் என்ன உறவு என்று தெரிந்துகொண்டு போங்கள். சாப்பாட்டின் பாதிச் சுவை அந்தக் கதையில்தான் இருக்கிறது. டெக்சஸின் வாட்டாபர்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1950இல் கார்பஸ் கிறிஸ்டியில் ஹார்மன் டாப்சன் தொடங்கியது, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய 5 அங்குல பன், ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கூரை. 2001இல் டெக்சஸ் சட்டமன்றமே அதை மாநிலத்தின் பொக்கிஷம் என்று அறிவித்தது. 2019இல் அதன் பெரும்பங்கு சிகாகோ முதலீட்டு நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனபோது, சொந்த வீட்டை யாரோ எழுதி வாங்கிக்கொண்ட மாதிரி டெக்சஸ்காரர்கள் கொதித்துப்போனார்கள். அப்புறம் 2024 ஜூலையில் பெரில் புயல் அடித்து ஹூஸ்டனில் லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் போனது. எந்தப் பகுதியில் மின்சாரம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஜனங்கள் திறந்து பார்த்தது வாட்டாபர்கர் செயலியின் வரைபடத்தைத்தான். திறந்திருக்கும் கடை ஆரஞ்சுப் புள்ளி, மூடிய கடை சாம்பல் புள்ளி. கடை திறந்திருந்தால் அந்தப் பக்கம் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம். இதெல்லாம் தெரிந்த பிறகு ஒரு டெக்சஸ்காரரிடம் 'இது வெறும் பர்கர்தானே' என்று சொல்ல வாய் வராது.

அடுத்தது, ஒப்பிடக் கூடாது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் இன் அன்ட் அவுட்டா, டெக்சஸின் வாட்டாபர்கரா என்ற சண்டை பல வருடமாக நடக்கிறது, அதில் வெளியூர்க்காரர் புகுந்து தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பெரிய செயின்களோடு வைத்துப் பேசுவது அதைவிட மோசம், அதுதான் அவர்களுக்கு உண்மையிலேயே சுருக்கென்று தைக்கும்.

ஆர்டர் செய்யும்போது மெனுப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்காமல், கூட வந்தவரிடம் 'நீங்கள் வழக்கமாக என்ன வாங்குவீர்கள்' என்று கேளுங்கள். என்ன பிரபலம் என்று கேட்டால் விளம்பரத்தில் வருவதைச் சொல்வார்கள். வழக்கமாக என்ன என்று கேட்டால் பள்ளிக்கூடம் விட்டு வந்து தின்றது, ராத்திரி ஷிப்ட் முடிந்து தின்றது என்று சொந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வார்கள். அதையே வாங்குங்கள். சில பண்டம் நேரம் பார்த்துத்தான் கிடைக்கும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாட்டாபர்கரின் ஹனி பட்டர் சிக்கன் பிஸ்கட் (அங்கே பிஸ்கட் என்றால் மெத்தென்ற சிறு ரொட்டி) காலை உணவு மெனுவில் இருப்பது, அந்த மெனு ராத்திரி 11 மணிக்கு ஆரம்பித்து மறுநாள் காலை 11 மணியோடு முடிந்துவிடும். மத்தியானம் போய்க் கேட்டுப் பயனில்லை.

கடைக்கென்று இருக்கும் சொற்களில் இரண்டையாவது தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஒரே சொல் ஊருக்கு ஊர் மாறும். கனடாவின் டிம் ஹார்ட்டன்ஸில் டபுள் டபுள் என்றால் இரண்டு பங்கு கிரீமும் இரண்டு பங்கு சர்க்கரையும் போட்ட காபி. இன் அன்ட் அவுட்டில் அதே சொல்லுக்கு இரண்டு இறைச்சி வட்டும் இரண்டு சீஸ் துண்டும் வைத்த பர்கர் வந்துவிடும். அங்கே பலகையில் எழுதாத வகைகளும் உண்டு. அனிமல் ஸ்டைல் என்று சொன்னால் கடுகு விழுது தடவிச் சுட்ட இறைச்சி, வதக்கிய வெங்காயம், கூடுதல் சாஸோடு வரும். புரோட்டீன் ஸ்டைல் என்றால் பன் இருக்காது, லெட்யூஸ் இலையில் சுற்றித் தருவார்கள். இந்தக் கடை 1948இல் கலிபோர்னியாவின் பால்ட்வின் பார்க் என்ற ஊரில் தொடங்கியது, இன்றுவரை யாருக்கும் பிரான்சைஸ் கொடுத்ததில்லை. இறைச்சியை உறைய வைப்பதில்லை என்பதால், தங்கள் கிடங்கிலிருந்து ஒரு நாளில் வண்டி போய்ச் சேரும் தூரத்துக்குள்தான் கிளை திறக்கிறார்கள். எல்லா ஊரிலும் கிடைக்காது என்பதே அந்தப் பெருமைக்குப் பெரிய காரணம் என்பது என் எண்ணம். 2020இல் கொலராடோவில் முதல் கடைகள் திறந்தபோது ஜனங்கள் காரில் மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டிக்குப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பலரும் தடுமாறும் இடம் அதுதான். அங்கே சில்லி என்றால் மிளகாயும் இல்லை, டெக்சஸ் பக்கத்துக் காரமான இறைச்சிக் குழம்பும் இல்லை. பட்டை, கிராம்பு வாசனையோடு நீர்க்க வைத்த மாட்டிறைச்சிச் சாஸ் அது, அதை ஸ்பகெட்டி மேல் ஊற்றி, மேலே துருவிய செடார் சீஸை மலைபோல் குவித்துத் தருவார்கள். தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பக்கத்திலிருந்து குடியேறியவர்கள் ஊருக்குக் கொண்டுவந்த கைப்பக்குவம். ஸ்கைலைன் சில்லி என்ற அந்த ஊர்ச் செயினை 1949இல் தொடங்கிய நிக்கலஸ் லாம்ப்ரினிடிஸ் கிரீஸிலிருந்து வந்தவர், குன்றின் மேலிருந்த முதல் கடையிலிருந்து நகரத்துக் கட்டட வரிசை, அதாவது ஸ்கைலைன், தெரிந்ததால் இந்தப் பெயர். ஸ்பகெட்டி, சாஸ், சீஸ் மூன்றும் இருந்தால் த்ரீ வே. வெங்காயமோ பீன்ஸோ சேர்த்தால் ஃபோர் வே, இரண்டும் சேர்த்தால் ஃபைவ் வே. முள்கரண்டியில் சுருட்டிச் சாப்பிடாதீர்கள், ஊர்க்காரர்கள் முள்கரண்டியின் ஓரத்தால் கேக் மாதிரி வெட்டித்தான் எடுப்பார்கள். அப்படி எடுத்தால்தான் மூன்று அடுக்கும் ஒரே வாயில் வரும், சுருட்டினால் சீஸ் எல்லாம் தட்டிலேயே தங்கிவிடும்.

எதிர்பார்ப்பை மாற்றிக்கொண்டு போக வேண்டிய இன்னொரு கடை பிலிப்பைன்ஸின் ஜாலிபீ. அங்கே ஸ்பகெட்டி இனிக்கும், அதில் சாசேஜ் துண்டுகள் கிடக்கும். இத்தாலிய ருசியை மனதில் வைத்துக்கொண்டு முதல் வாய் எடுத்தால் முகம் சுளித்துவிடும், முன்கூட்டியே தெரிந்திருந்தால் சுளிக்காது. வறுத்த கோழியோடு சோறும் கிரேவியும் வரும், புதியவர்கள் அதில் தொடங்குவது நல்லது. 1975இல் ஐஸ்கிரீம் கடையாக ஆரம்பித்தது. 1981இல் மெக்டொனால்ட்ஸ் மணிலாவுக்கு வந்தும் ஜாலிபீயை அதன் சொந்த மண்ணில் முந்த முடியவில்லை, இன்று பிலிப்பைன்ஸ்காரர்கள் வேலைக்குப் போன பல நாடுகளில் அதன் கிளைகள் இருக்கின்றன. வெளிநாட்டுக் கிளை ஒன்றின் திறப்பு நாள் வரிசையைப் பார்த்தால், அதில் நிற்பவர்கள் வெறும் பசிக்காக வரவில்லை என்று உங்களுக்கே தெரியும்.

சைவம் சாப்பிடுபவர்கள் கூச்சப்படாமல் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள், கடைக்குள் போய்ச் சொன்னால் கூட்டிப் போனவர் திண்டாடுவார். இன் அன்ட் அவுட்டில் இறைச்சி இல்லாத கிரில்டு சீஸ் உண்டு, ஃப்ரைஸும் சூரியகாந்தி எண்ணெயில் பொரிப்பதுதான். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துச் செயினான ரன்ஸாவில் பெயருக்குக் காரணமான பண்டமே மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் அடைத்துச் சுட்ட ரொட்டி, அதனால் அங்கே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். (இறைச்சி சாப்பிடுகிறவர்கள் ஜனவரி, பிப்ரவரி செவ்வாய்க்கிழமையில் போகலாம். காலை 6 மணிக்கு எத்தனை டிகிரி ஃபாரன்ஹீட்டோ அத்தனை சென்ட்தான் ஒரு ரன்ஸா, ஃப்ரைஸும் பானமும் சேர்த்து வாங்க வேண்டும். குளிரையே தள்ளுபடியாக்கிய இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.)

சரி, சாப்பிட்டுப் பார்த்தும் பிடிக்கவில்லை என்றால்? பொய் சொல்ல வேண்டாம், கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மையிலேயே நன்றாக இருந்த ஒன்றை, அது பன்னோ சாஸோ ஃப்ரைஸோ, குறிப்பாகச் சொல்லுங்கள். 'நல்லா இருக்கு' என்று பொதுவாகச் சொல்வது பிடிக்கவில்லை என்பதற்குச் சமம். பிறகு, முதன்முதலில் இங்கே யாரோடு வந்தீர்கள் என்று கேளுங்கள். அநேகமாக அப்பாவோ தாத்தாவோ அந்தப் பேச்சில் வருவார், உங்கள் தட்டில் மிச்சம் இருப்பதை அதற்கப்புறம் அவர் கவனிக்க மாட்டார்.

ஊர் திரும்பும்போது கடையின் ஞாபகமாக ஏதாவது வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்குங்கள். வாட்டாபர்கர் மேசைகளில் வைக்கும் ஆரஞ்சு எண் பலகையைப் பையில் போட்டுக்கொண்டு போகும் பழக்கம் டெக்சஸில் பரவலாக இருக்கிறது, விருந்தாளியாகப் போன நாம் அதைச் செய்யக் கூடாது. விமானத்தில் கிளம்புகிறீர்கள் என்றால் ஒரு பெட்டி பார்சல் வாங்கிக்கொள்ளலாம். குவாத்தமாலாவின் போயோ கம்பேரோ கோழிப் பெட்டிகளை அந்த நாட்டுக்காரர்கள் அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்காக இப்படித்தான் மடியில் வைத்துக்கொண்டு பறந்தார்கள், விமானம் முழுக்கப் பொரித்த கோழி மணக்கும். சாஸை மட்டும் செக்-இன் செய்யும் பெட்டியில் போட்டுவிடுங்கள், கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.